இரவு பத்தரைக்குப் பிறகு மோட்டர் போட்டால் பில் குறையுமா?

பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை கரண்ட் விலை கூட, அந்த நேரத்தில் மோட்டர் போடக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் பேச்சு இருக்கிறது. சாதாரண வீட்டு இணைப்புக்கு இது பொருந்தாது. அங்கே எத்தனை யூனிட் ஓடியது என்பதற்குத்தான் காசு. எத்தனை மணிக்கு ஓடியது என்று பார்ப்பதில்லை.

நம்மில் பெரும்பாலானோர் இருப்பது படிமுறைக் கட்டணத்தில். 30 நாளில் 60 யூனிட்டுக்குள் நின்றால் மலிவான வீதம். 60ஐத் தாண்டினால், ஏற்கெனவே ஓடிய அந்த 60 யூனிட்டுக்கும் சேர்த்தே வீதம் மாறிவிடும். அப்புறம் 90, 120, 180 என்று படிகள். மாதாந்த நிலையான கட்டணமும் கூடவே ஏறும்.

மற்றது நேரவாரிக் கட்டணம். விரும்பிக் கேட்டால்தான் கிடைக்கும். மீற்றரும் மாற வேண்டும். விடிய 5.30 முதல் பின்னேரம் 6.30 வரை பகல், அதிலிருந்து 10.30 வரை உச்சநேரம், பிறகு விடியும்வரை தாழ்நேரம். உச்சநேரத்தில் விலை மிக அதிகம், தாழ்நேரத்தில் மிகக் குறைவு. இதில் படி என்ற கணக்கே இல்லை.

ஏசி இல்லாத வீட்டுக்கு நேரவாரி வேண்டவே வேண்டாம். 90, 100 யூனிட் பாவிப்பவர் மலிவான படிகளைக் கைவிட்டுவிட்டு அங்கே போனால் பில் ஏறத்தான் செய்யும். அவர் பார்க்க வேண்டியது மொத்த யூனிட்டை. சித்திரை வெயிலில், சோளகக் காற்று எழும்பும்வரை, விசிறி நிற்பதே இல்லை. 75 வாற் பழைய விசிறி ஒன்று தினமும் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல். மூன்று விசிறி என்றால் அவை மட்டுமே 60ஐத் தாண்டிவிடும். 35 வாற் பிஎல்டிசி விசிறிக்கு மாறினால் அதில் பாதிக்கு மேல் மிச்சம். மோட்டரும் அப்படித்தான்: ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணிநேரத்தில் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும். விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் போட்டாலும் அதே ஒரு யூனிட்தான். தாங்கி நிரம்பி வழிவதையும் ஒழுகும் குழாயையும் நிறுத்தினால்தான் பில்லில் தெரியும்.

அதற்காகப் பின்னேரம் மோட்டர் போடுங்கள் என்று சொல்லவில்லை. வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றுகின்றன, பொழுது பட்டால் சோலாரும் இல்லை. அந்த நான்கு மணிநேரத்துக்கு நாடு எண்ணெய் எரித்துக் கரண்ட் எடுக்கிறது. அந்தச் செலவு கடைசியில் எல்லோருடைய கட்டணத்திலும்தான் வந்து சேரும். கைப்பையில் இன்றைக்கு எதுவும் மிஞ்சாது என்றாலும் தவிர்ப்பது நல்லது.

ஏசி வீட்டின் கதை வேறு. ஒரு தொன் இன்வேட்டர் ஏசி படுக்கும் நேரத்தில் ஏழு மணிநேரம் ஓடினால் நான்கைந்து யூனிட், மாதம் 120க்கு மேல். வீட்டின் மற்றச் செலவோடு சேர்ந்து 180ஐத் தாண்டினால், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் மிக விலைகூடிய படியில். நேரவாரியில் அதே ஏசி 10.30க்குப் பிறகு ஓடினால் மலிவான விலையில் ஓடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் நேரவாரியைத்தான் சொல்வேன்.

கூரையில் சோலார் போடுவது மூன்றாவது வழி. பில்லை அடியோடு குறைக்கும். ஆனால் போடும் முதலீடு பெரிது, மிஞ்சும் கரண்டை மின்கட்டமைப்புக்குக் கொடுத்தால் தரும் விலையும் மாறிக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கிப் போடுபவர் புதிய ஒப்பந்த விலையை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நேரவாரிக்கு விண்ணப்பிக்குமுன் சில நாட்கள் பின்னேரம் 6.30க்கும் இரவு 10.30க்கும் விடிய 5.30க்கும் மீற்றரைப் பார்த்து எழுதி, மூன்று பங்கையும் அன்றைய வீதத்தால் பெருக்கி, பழைய பில்லோடு வைத்துப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கும் வீடு என்றால் அந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கோயிலால் வந்து ஏழு மணிக்கே ஏசியைப் போட்டால், 10.30 வரை ஓடுவது முழுக்க உச்சநேர விலை.