பினாங்கு ஓட்டலும் அந்த நடுமுற்றமும்

முதல்லயே சொல்லிடறேன். ரூம் சுத்தம், பெட்டு நல்ல பெட்டு, சுடுதண்ணி நிக்காம வரும், வைஃபை ஓடும், வேலைல இருக்கற பிள்ளைங்க மரியாதையானவங்க. இதெல்லாம் ஏற்கெனவே ஊர்ப்பட்ட பேரு எழுதி போட்டோவும் போட்டாச்சு. நான் எழுத வந்தது அந்த ஓட்டலோட நடுமுற்றத்தப் பத்தி. அதுக்கு இப்ப கண்ணாடி மூடி போட்டுட்டாங்க. போன தடவ உள்ள போய் நின்னு மேல பார்த்தேன் பாருங்க, அதுல இருந்து மனசு ஆறவே இல்ல.

ஓட்டல் இருக்கறது மலேசியாவுல, பினாங்கு தீவு, ஜார்ஜ் டவுன், லவ் லேனுக்குப் பக்கத்துல ஒரு சந்து. பேரு வேண்டாம், புகழவும் போறேன் திட்டவும் போறேன், அங்க வேல பார்க்கறவங்களுக்கு அதனால எதுவும் வரக்கூடாது. சம்சாரத்தோட தம்பி பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில இருக்கான், ஃபிளாட்டு சின்னது, பிள்ளைங்க படிக்கற வீடு, அதனால நாங்க போனா வெளிய ரூம் போட்டுக்குவோம். பல வருசமா அது இந்த ஓட்டல்தான்.

நமக்குத் தொழில் பழைய வீடு பிரிக்கறது. இருக்கறது கொழிஞ்சாம்பாறை, கேரளாவுல பாலக்காடு ஜில்லா, தமிழ்நாட்டு எல்லையோரம். இந்தப் பக்கம் பொள்ளாச்சி ஆனமலை வரைக்கும், அந்தப் பக்கம் சித்தூர் கொல்லங்கோடு நெம்மாறா வரைக்கும், வீட்டுக்காரங்க இனி வேண்டாம்னு முடிவு பண்ணுன நாலுகெட்டு (நடுவுல முற்றம் விட்டு சுத்தி நாலு பக்கமும் கட்டுன கேரளத்து வீடு), ஓட்டு வீடு எல்லாத்தையும் பிரிச்சு தூணு, உத்தரம், ஓட்டுக்கு அடில வர்ற கழுக்கோல், நிலக்கதவு, மச்சுப் பலகைன்னு தனித்தனியா எடுத்து விக்கறோம். வாங்கறதெல்லாம் ரிசார்ட்டுக்காரங்கதான். தூணுக்கு ஆள் வரும், கதவுக்கு அடிச்சுக்குவாங்க. நடுமுற்றத்த மட்டும் யாரும் வாங்க மாட்டாங்க, எப்படி வாங்குவாங்க, அது வெறும் எடம், மேல வானம் கீழ கல்லு, வீட்டப் பிரிச்சதும் அது இல்லாம போயிரும். அதனாலதான் ஒரு முற்றம் உசுரோட இருக்கறதப் பார்த்தா எனக்கு நின்னு பார்க்காம போக முடியாது.

ஜார்ஜ் டவுன்ல இந்தக் கடைவீடுங்க, அதாவது கீழ கடையும் மேல குடித்தனமுமா கட்டுன பழைய வீடுங்க, எப்படின்னா, முன்னாடி அகலம் நாலஞ்சு மீட்டருக்கு மேல இருக்காது, ஆனா உள்ள போய்ட்டே இருக்கும், போய்ட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட சேர்ந்த செவுரு, ஜன்னல் வெக்க எடமே கெடையாது. அப்ப நடு வீட்டுக்கு வெளிச்சமும் காத்தும் எங்கிருந்து வரும்? நடுவுல கூரைய விட்டுட்டாங்க, அதான் முற்றம். வெயில் ஏற ஏற சூட்டுக்காத்து அது வழியா மேல போயிரும், தெருப்பக்கம் திண்ணை நெழல்ல இருந்து குளுந்த காத்து உள்ள இழுக்கும். மழை வந்தா சுத்துக் கூரைத் தண்ணி பூரா அங்க எறங்கி கல்லு மேல விழுந்து மடைல போயிரும். நம்ம கொல்லங்கோட்டு நாலுகெட்டும் இதே கணக்குதான், அங்க அத சீனக்காரங்க செங்கல்லுலயும் சுண்ணாம்புலயும் கட்டுனாங்க, இங்க நம்மாளுக மரத்துலயும் ஓட்டுலயும் கட்டுனாங்க.

முதல் தடவ போனப்ப எனக்கு இது எதுவும் தெரியாது. மச்சினன் ஆன்லைன்ல ரூம் போட்டான், போட்டோல பார்த்தா இந்தக் காலத்துப் பசங்க ஓட்டல், முன்னாடி காபி பாரு, பேரு எழுதுன நியான் லைட்டு, ஒண்ணுக்கொண்ணு சேராத நாற்காலிங்க, பூச்சு உதுந்து செங்கல் தெரியற செவுத்த அப்படியே விட்டு அதுக்கு ஒரு விளக்கு. சம்சாரம் "இது என்ன பாதி கட்டுன வீடாட்ட இருக்குது"ன்னா. நானும் பெருசா எதிர்பார்க்கல. பைய வெச்சுட்டு உள்ள நடந்தா பத்தடி தாண்டுனதும் தலைக்கு மேல வானம். அன்னிக்கு சாயங்காலமே மழ புடிச்சுக்கிச்சு.

அந்த மழைய எழுதியே ஆகணும். பினாங்கு மழை சாரல் இல்ல, அப்படியே கொட்டும், செப்டம்பர் அக்டோபர்ல ரொம்ப ஜாஸ்தி. எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை மறைவு, இடவப்பாதின்னு கேரளாவுல தென்மேற்குப் பருவமழைய ஊரெல்லாம் பேசுவாங்க, எங்களுக்குக் காத்துதான் வரும், மழை மொதலமடை தாண்டிப் போனாத்தான். இங்க நாலு பக்கக் கூரைல இருந்தும் தண்ணி கயிறு கயிறா எறங்குது, தூவானம் மூஞ்சில அடிக்குது, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு தலையத் தூக்காம எழுதிட்டே இருக்கா, எங்கிருந்தோ வந்த வெள்ளக்காரக் குடும்பம் ஒண்ணு போன எறக்கி வெச்சுட்டு சும்மா உக்காந்து பார்க்குது, அவங்க பையன் கைய நீட்டி நீட்டி நனைச்சுக்கறான். யாரும் யாரோடயும் பேசல, ஆனா எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்களாட்டம் சுத்தி உக்காந்திருக்கோம். நான் பார்த்துட்டிருந்தது மடைய. அவ்வளவு தண்ணியும் விழுந்தும் கல்லு மேல ஒரு விரக்கடைக்கு மேல நிக்கல. நூறு வருசத்துக்கு முன்னாடி எவனோ ஒரு கொத்தன் சரிவு புடிச்சு வெச்ச கல்லு, இன்னிக்கும் கணக்கு தப்பாம ஓடுது. மழ விட்டதும் வீடு முழுக்க ஒரு குளுமை, ராத்திரி ஏசியே போடல.

அதுக்கப்பறம் எத்தன தடவ போனாலும் அந்த ஓட்டல்தான். காலைல முற்றத்து ஓரத்துல உக்காந்து காயா டோஸ்ட்டு (தேங்காப்பாலும் முட்டையும் போட்ட ஜாம் தடவுன ரொட்டி), அரைவேக்காட்டு முட்டை, கோப்பி. பத்து நிமிசம் நடந்தா லிட்டில் இந்தியா, இட்லி தோசைக்குக் கவலையில்ல, குவீன் ஸ்ட்ரீட்ல மகா மாரியம்மன் கோயில், 1833ல கட்டுனது. ராத்திரி நாசி கண்டார், சோறும் வகவகையா குழம்பும், நம்ம தமிழ் முஸ்லிமுங்க தோள்ல காவடி கட்டி வித்து வளர்த்த சாப்பாடு அது, குழம்பு மேல குழம்பு ஊத்துவாங்க, சொல்லி முடியாது.

செவுத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. ஓட்டல்காரங்க பூச்சு வேலைய சுண்ணாம்புலயே பண்ணியிருந்தாங்க. இது சின்ன விசயம் இல்ல. பழைய செங்கல் செவுரு மண்ணுல இருந்து ஈரம் இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் வெளிய வந்து காஞ்சுரும். மேல சிமெண்ட்டு பூசுனா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், உப்பு பூத்து செங்கல்லே பொடிப்பொடியா உதுரும். நம்ம பக்கம் எத்தன நல்ல வீடு இப்படி சிமெண்ட்டு பூசியே போயிருக்குன்னு எனக்குத் தெரியும், கடைசில நாந்தான் பிரிக்கப் போவேன்.

இந்த வீடுங்க தப்பிச்சதே ஒரு பெரிய கதை. 1966ல போட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த வரைக்கும் வாடகைய ஏத்த முடியாது, அதனால சொந்தக்காரங்க இடிச்சுக் கட்டவும் இல்ல, செலவு பண்ணிப் பார்த்துக்கவும் இல்ல. 2000 தொடக்கத்தோட அது போச்சு, வாடகை ஏறுச்சு, பழைய குடித்தனக்காரங்க நெறையப் பேரு காலி பண்ணிட்டாங்க, வீடுங்க பூட்டிக் கெடந்துச்சு. 2008ல யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரிய எடம்னு அறிவிச்சுது, 2012ல தெருச் செவுத்துல படம் வரைஞ்சாங்க, கூட்டம் வந்துச்சு, பூட்டுன வீடெல்லாம் ஓட்டலாவும் காபிக்கடையாவும் ஆச்சு. அங்க குடியிருந்த ஜனங்களுக்கு அது நல்லதான்னு கேட்டா நான் ஆமான்னு சொல்ல மாட்டேன். ஆனா வீடு நின்னுச்சு. நம்ம பக்கம் ஜனமும் போச்சு வீடும் போச்சு.

இப்ப கண்ணாடிக்கு வர்றேன். போன தடவ உள்ள நுழைஞ்சதுமே தெரிஞ்சு போச்சு, காத்து இல்ல. நிமிந்து பார்த்தா முற்றம் முழுக்க இரும்பு சட்டம் அடிச்சு கண்ணாடி. கீழ கல்லு மேல மரத்துல மேடை போட்டு நாலு டேபிள் போட்டிருக்காங்க. மடை அந்த மேடைக்கு அடில போயிருச்சு. ஓரத்துல செவுத்த ஒட்டி பெரணிச்செடி இருக்கும், அது காஞ்சு எடுத்துட்டாங்க போல, தொட்டில கல்லு நெரப்பி வெச்சிருக்கு. மத்தியானம் வெயில் நேரா கண்ணாடில எறங்கி சூடு மேல போக வழியில்லாம உள்ளயே சுத்துது, அதுக்கு ரெண்டு பெரிய ஏசி ஓடுது. சாயங்காலம் மழ வந்துச்சு. கண்ணாடி மேல தடதடன்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு, ஒரு சொட்டு உள்ள வரல. எனக்கு அங்க உக்காரவே முடியல, எந்திரிச்சு தெருத் திண்ணைல போய் நின்னுட்டேன்.

ரூம் சுத்தம் பண்ற அக்காவுக்கு ஊரு தீவுக்கு எதிர்க்கரைல இருக்கற பட்டர்வொர்த்து, தமிழ்க்காரங்க, பல வருசப் பழக்கம். "என்னாண்ணே பண்றது, ஒரு பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்புல அடி, பெரிய பிரச்சன ஆயிருச்சு. கொசுன்னு வேற தெனம் கம்ப்ளெய்ன்டு. பாஸ் பாவம், அவரு எத்தனதான் கேப்பாரு"ன்னாங்க. நியாயம்தான். டெங்கு இருக்கற ஊரு, மழக்கல்லு பாசி புடிச்சா வழுக்கத்தான் செய்யும், கெஸ்ட்டு விழுந்தா யாரு பதில் சொல்றது. அவங்க எடத்துல இருந்தா எனக்கும் ராத்திரி தூக்கம் வந்திருக்காது. இத நான் ஒத்துக்கறேன்.

ஆனா மூடறதுக்கும் ஒரு மொற இருக்குதுங்க. கூரை மட்டத்துலயே கண்ணாடிய ஒட்ட வெக்காம நாலு மூலைலயும் கால் நிறுத்தி ரெண்டு ரெண்டரை அடி தூக்கிப் போட்டா மழ மறையும், காத்து பக்கவாட்டுல போயிரும், சூடு நிக்காது. அதே தெருவுல வேற வீட்டுல அப்படிப் போட்டிருக்கறத நானே பார்த்தேன். கொசுவுக்கு அந்த எடைவெளில வலை. வழுக்கலுக்கு கல்ல கொத்தி சொரசொரப்பாக்கலாம், நடக்கற ஓரத்துல மட்டும் பாய் போடலாம். ஏசி கரண்ட்டுக்குக் குடுக்கற காசுல பாதி வராது. மேனேஜர் தம்பிகிட்ட பேப்பர்ல படமே போட்டுக் குடுத்தேன். பொறுமையா கேட்டான், போட்டோ எடுத்துக்கிட்டான், முதலாளிகிட்ட காட்டறேன்னான். செவுத்துக்குச் சுண்ணாம்பே பூசணும்னு தெரிஞ்ச மனுசன் முற்றத்த இப்படி மூட எப்படி சம்மதிச்சார்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

மார்க்கு போடச் சொன்னா இப்பவும் பத்துக்கு எட்டு போடுவேன், ஏன்னா மத்ததெல்லாம் முன்ன விட நல்லா இருக்கு. பாத்ரூம் புதுசு, மாடிப்படிக்குக் கைப்புடி போட்டுட்டாங்க, சத்தம் கொறஞ்சிருக்கு. நான் திரும்பத் தங்குவேனான்னா, கண்ணாடி இருக்கற வரைக்கும் மாட்டேன். மச்சினன்கிட்ட சொல்லியாச்சு, அடுத்த தடவ தொறந்த முற்றம் இருக்கற வீடாப் பாருன்னு.

மொதலமடை மாப்ள ஒருத்தன், மாங்கா சீசன் முடிஞ்சதும் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போறதா இருக்கான், இந்த ஓட்டல்தான் வேணும்னு என்னைக் கேட்டுட்டே இருக்கான். அவனுக்கு என் பதில்: தாராளமாப் போ மாப்ள. அம்மாவுக்கு மூட்டுவலி, வழுக்காத தரையும் கைப்புடியும் அவங்களுக்கு வேணும், எனக்கு வேண்டியது வேற. லிஃப்டு கெடையாது, அதனால கீழ் ரூமாக் கேட்டு வாங்கு, மேல மரத்தரை, ஆளு நடந்தா கீழ கேக்கும், அதனால பின்பக்க ரூம். கொச்சில இருந்து கோலாலம்பூர் எறங்கி, அங்கிருந்து ரயில்ல பட்டர்வொர்த்து போ, படகு ஏறி தீவுக்குப் போனா பிள்ளைங்க சந்தோசப்படும். சென்னை போக முடிஞ்சா, அங்கிருந்து நேரா பினாங்குக்கே 2024 டிசம்பர்ல இண்டிகோ பிளேன் விட்டான், இப்பவும் ஓடுதான்னு பார்த்துக்க.

ரூம் வாடகை போக வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் டூரிசம் வரி உண்டு, ரூம் புக் பண்ணும்போது கட்டியிருந்தாலும் அது பெரும்பாலும் கவுண்டர்ல தனியாத்தான் வாங்குவாங்க, சண்ட போடாத, அது கவர்மெண்ட்டு வரி. விசா 2023 டிசம்பர்ல இருந்து 30 நாள் வரைக்கும் வேண்டாம், ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒரு ஃபாரம் இருக்கு, போய்ச் சேர்றதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போட்டரணும், காசு கெடையாது, காசு கேக்கற சைட்டுல போடாத. அம்மாவோடதையும் பிள்ளைங்களோடதையும் வீட்டுல இருந்தே நீயே போட்டுரு, அங்க எறங்கி லைன்ல அவங்கள நிக்க வெச்சுட்டு போன்ல தட்டிட்டு இருக்காத.