ஒரு நாள் ஆழ்கடல் தூண்டில்: உவரியா, தூத்துக்குடியா, சின்னமுட்டமா?

தாமிரபரணியில் விரால் பிடித்து, கரையில் நின்று பாரை மீன் அடித்துப் பழகி, இப்போது ஒரு நாள் முழுக்கக் கடலுக்குள் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சு போடக் கற்றுத்தர வேண்டாம், ஜிக்குக்கும் (ஆழத்தில் இறக்கி ஆட்டுகிற உலோகப் பொய் இரை) பாப்பருக்கும் (மேல்தண்ணீரில் வீசி இழுக்கிற பொய் இரை) தனித்தனி ராட் இருக்கிறது, படகு ஆடினாலும் சாப்பிட்டது உள்ளேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

திருநெல்வேலியில் நடுராத்திரி கிளம்பினால் விடியுமுன் போய்ச் சேரக்கூடிய கரை மூன்று: தெற்கே உவரி, இடிந்தகரை வட்டாரம், கிழக்கே தூத்துக்குடி, முனையில் கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம். மூன்றிலும் கடலின் குணம் வேறு, படகு வேறு. பணம் சேர்த்து அந்தமான் போவது நாலாவது வழி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். ராட் ஹோல்டர், ஃபிஷ் ஃபைண்டர், இரட்டை எஞ்சின் எல்லாம் வைத்துத் தூண்டில்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற சார்ட்டர் என்றே ஓட்டுகிற தொழில் நம் கரையில் வேர்விடவில்லை. இங்கே படகு பேசுவது என்றால், அன்றாடம் தொழிலுக்குப் போகிற படகை ஒரு நாளைக்கு நமக்காக ஓட்டச் சொல்வதுதான். அது மீன்பிடிக்கப் பதிவான படகு, ஆள் ஏற்றுவதற்கு அல்ல. எனவே மீன்வளத் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டு, ஊர்க் கமிட்டிக்கும் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். “யாரும் கேக்க மாட்டாவ அண்ணாச்சி, நீங்க வாங்க” என்கிற ஆளோடு போகாதீர்கள். யாராவது கேட்டால் மாட்டிக்கொண்டு முழிப்பது அவர்தான், நாம் அல்ல.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? பெரிய மீன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சின்னமுட்டம் ஜெயிக்கும். சொகுசு பார்த்தால் தூத்துக்குடி. நான் பார்ப்பது வேறு கணக்கு: ஒரு பகலில் தூண்டில் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்கிறது? பழகிய கைக்கு அதுதான் முக்கியம். புதிதாக வருகிறவருக்குக் கடலைப் பார்த்தாலே போதும். பழகியவர் பத்து மணி நேரம் எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் ஜிக் ஆட்டி வந்தால் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசமாட்டார்.

சின்னமுட்டம்: பேர் பெரிசு

சின்னமுட்டத்தை எல்லோரும் சொல்வது வாட்ஜ் பேங்குக்காக. குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடலடி மேடாக எழும்பி நிற்கிற இடம். தரை பாறையும் பவளமுமாக இருப்பதால் களவா, செப்பிலி, விளமீன் எல்லாம் அடைந்து கிடக்கும். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இந்தியாவின் பக்கம் என்று உறுதியானது. மீனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தூரத்தைப் பற்றித்தான்.

விசைப்படகு மணிக்கு எட்டு கடல்மைல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல இடம் நாற்பது கடல்மைலில் இருந்தால் போக ஐந்து மணி, வர ஐந்து மணி. அதிகாலை நாலுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குச் சேரலாம். மீன் நன்றாகக் கடிக்கிற விடிகாலை ஓட்டத்திலேயே போயிருக்கும். இருட்டுமுன் துறைமுகம் திரும்ப வேண்டும் என்றால் பகல் ஒன்றரைக்குள் தூண்டிலைச் சுருட்ட வேண்டும். ஆக, கைக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம், அதுவும் உச்சி வெயிலில். ஓடும்போது பின்னால் இரண்டு லூர் (பொய் இரை) இழுத்துப் போகலாமே என்பீர்கள். இழுக்கலாம். சூரை அகப்படவும் செய்யும். அதற்காக வாட்ஜ் பேங்க் போக வேண்டியதில்லை.

இன்னொன்று, இழுவைமடிப் படகு (டிராலர்) தூண்டில்காரனுக்காகக் கட்டியது அல்ல. பின்பக்கம் வின்ச், கம்பிக்கயிறு, வலை. அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று பாப்பர் வீசலாம் என்றால் அங்கே நங்கூரம். ஜிக் மட்டும் சுகமாக ஆட்டலாம். பிடித்த மீனைத் திருப்பி விடுகிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த ஆழத்தில் இருந்து ஏற்றிய களவாவுக்குக் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கி நிற்கும். அப்படியே தூக்கிப் போட்டால் அது கீழே போகாது, மிதந்து சாகும். ஈயம் கட்டித் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிடத் தெரிந்தால் விடுங்கள். இல்லாவிட்டால் தேவைக்குப் பிடித்ததோடு ஜிக்கை நிறுத்துங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். சின்னமுட்டம் இந்தக் கணக்கில்தான் வரும். அதே மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் போட்டுக் குழப்பி, குளச்சல்காரர் சொன்ன தேதியை நம்பிச் சின்னமுட்டத்தில் போய் நிற்கிறவர்கள் உண்டு. வாட்ஜ் பேங்கைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரு இரவு கடலிலேயே தங்குகிற மாதிரி பேசுங்கள். ஒரு பகலுக்கு அது கட்டாது.

உவரி வட்டாரம்: என் ஓட்டு

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நீளும் இந்தக் கரையில் ஓடுவது ஃபைபர் வள்ளம். வெளியில் மாட்டுகிற எஞ்சின், மூன்று நாலு ஆள், நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. இவ்வளவு குறையைச் சொல்லிவிட்டு இதற்கு ஓட்டுப் போடக் காரணம், கரையை விட்ட அரை மணியில் தூண்டில் தண்ணீரில் இறங்கிவிடும். வள்ளம் ஐந்தாறு கடல்மைல் வேகத்தில் மெல்லப் போகும்போது பின்னால் மின்னோ லூர் இழுத்தால் ஓடுகிற நேரமும் தூண்டில் நேரம்தான். நெய்மீனும் ஊழியும் கட்டாவும் இந்த வேகத்துக்கு வரும். (சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதை இங்கே நெய்மீன் என்பார்கள், தூத்துக்குடிப் பக்கம் போனால் அதுவே சீலா. விலை பேசும்போது இது உதவும்.)

ஆழத்தில் இருக்கிற பாறைத் திட்டை ‘பார்’ என்பார்கள். ஜி.பி.எஸ். கருவி எல்லோரிடமும் வந்துவிட்டாலும், வயதான ஓட்டிகள் இன்னும் கரையைப் பார்த்தே பார் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கோயில் கோபுரத்தை மேற்கே தெரிகிற ஒரு மலைமுகட்டோடு நேர்க்கோட்டில் வைப்பார்கள். இன்னொரு பக்கம் ஒரு காற்றாலையையோ கூடங்குளத்துக் கட்டடத்தையோ வேறொரு மலையோடு சேர்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் எஞ்சின் நிற்கும். ஜிக்கை இறக்கினால் ‘டக்’ என்று கல்லில் படும். பத்துப் பாகம் (பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) தள்ளி இறக்கினால் சேறு. அந்த வித்தியாசத்துக்குத்தான் நாம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். எஞ்சினை நிறுத்தியதும் நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, பாரின் தலைப்பில் போய் மறுபடி விடுவார். வள்ளம் தானாகப் பாரின் மேல் வழுக்கிப் போகும். ஸ்லோ ஜிக் ஆட்டுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவர்கள் கையையும் பாருங்கள். சுட்டுவிரலில் பழைய டியூப் ரப்பரை வளையமாக வெட்டி மாட்டியிருப்பார்கள். நாம் ரீலில் பத்து கிலோ டிராக் (நூல் ஓடாமல் பிடிக்கிற இறுக்கம்) போட்டு மூச்சு வாங்குகிற மீனை அவர்கள் அந்த ரப்பர் வளையத்தில் நூலை ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு ஏற்றிவிடுவார்கள்.

வள்ளத்தில் ராட் பிடிப்பதற்குச் சில கணக்கு உண்டு. நீள ராட் வேண்டாம், ஏழு அடிக்குள் போதும். மூன்று முள் உள்ள ட்ரெபிள் ஹூக்கைக் கழற்றிவிட்டு ஒற்றை ஹூக் மாட்டிக்கொண்டு போங்கள். காலடியில் வலை கிடந்தால் முதல் வீச்சிலேயே மாட்டும், வலைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பாப்பர் வீச இடமில்லை. ராட் ஹோல்டர் இல்லாததால் இழுக்கும்போது ராட்டைக் கயிற்றால் குறுக்குப் பலகையில் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ராட்டைக் கடலுக்குத் தந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள்.

சிக்கலான இடம் கரைதான். பல ஊர்களில் மணலில் இருந்து டிராக்டர் வைத்துத் தள்ளித்தான் வள்ளம் இறங்கும். ஓட்டி அலையை எண்ணிக்கொண்டு நிற்பார், நடுவில் ஒரு ஓய்வு கிடைத்ததும் எஞ்சினை முறுக்குவார். அந்த நேரத்தில் ராட் எல்லாம் படுத்திருக்க வேண்டும், நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல் தடுப்பு) போட்ட ஊராகப் பார்த்துப் பேசினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஞாயிறு அன்று படகு கேட்காதீர்கள். இவை பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள், ஞாயிறு கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. நமக்கோ லீவு அன்றைக்குத்தான். சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வரவேண்டியதுதான். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் நெருங்கக் கூடாத எல்லை உண்டு. அது ஓட்டிக்குத் தெரியும். “அங்கேதான் மீன் நிற்கும், கொஞ்சம் ஒட்டிப் போவோம்” என்று அவரை அரிக்காமல் இருந்தால் போதும்.

வைகாசி கடைசியில் இருந்து புரட்டாசி வரை இந்தக் கரையை மறந்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் (மேல்காற்று) பாய்கிற காலம். நடுராத்திரி காரில் வரும்போது வள்ளியூரைத் தாண்டிக் காற்றாலை எல்லாம் வெறியோடு சுற்றுகிறதென்றால், கடற்கரை வரை போவது டீ குடிக்கத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வரும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கியை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. தையில் இருந்து பங்குனி வரைதான் நம்பிப் பேசக்கூடிய மாதங்கள். சித்திரையிலும் கடல் படுத்துக் கிடக்கும், ஆனால் காற்றே இல்லாமல் தூரத்துப் புயலின் அலை திடீரென்று ஏறிவரும் கள்ளக்கடல் அந்தச் சமயத்தில்தான் வரும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. ஓட்டி பார்ப்பார் என்று இருக்காமல் நாமும் பார்த்துவிட வேண்டும்.

தூத்துக்குடி: கால் நனையாமல் ஏறலாம்

தூத்துக்குடியின் பலம் துறைமுகம். படியில் இறங்கிப் படகில் உட்காரலாம், ஐஸ் கிடைக்கும், டீசல் கிடைக்கும், நாட்டுப்படகே பெரிசாக இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து போனால் இதுதான் வசதி. கச்சான் காலத்திலும் காற்று கரையில் இருந்து கடலுக்கு அடிப்பதால் பக்கத்துக் கடல் தட்டையாகத் தெரியும். அதை நம்பி ஏமாறக் கூடாது. வெளியே போகப் போக அலை ஏறும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும், போன நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகும்.

குறை என்னவென்றால், பக்கத்தில் இருக்கிற நல்ல தண்ணீரில் நாம் தூண்டில் போட முடியாது. வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, விலாங்குசல்லி நான்கும் 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பவளப்பாறை ஓரத்தில் ஜி.டி. (ஜயன்ட் ட்ரெவாலி என்கிற பெரிய பாரை மீன்) துரத்துகிற காட்சி கண்ணில் தெரிந்தாலும் பாப்பர் பெட்டியிலேயே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கப்பல் வழி. இரண்டுக்கும் வெளியே போய்த்தான் தொடங்க வேண்டும், அங்கேயே நேரம் போய்விடுகிறது. நங்கூரமிட்ட கப்பல், மிதவை போன்றவற்றின் நிழலில் கடல்விரால் நிற்கும் என்பது உண்மை. ஆனால் கப்பலை ஒட்டிப் போனால் ஒலிபெருக்கியில் திட்டு விழும். கிழக்கே இன்னும் போகலாம் என்று ஆசைப்பட்டால் இலங்கை எல்லைக் கோடு இருக்கிறது, அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குழுவில் ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவர் மாமனாரைக் கூட்டி வருகிறார் என்றால் தூத்துக்குடியே நல்லது.

அந்தமான்

விமானக் கட்டணம், தங்கல், படகு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உவரியில் பல முறை போகிற காசு ஒரே முறையில் கரையும். அதற்கு ஈடாகக் கிடைப்பது: தூண்டிலுக்கென்றே கட்டிய வேகப் படகு, பாப்பர் வீசத் தளம், மீனைத் திருப்பி விடத் தெரிந்த ஓட்டி. பெரிய ஜி.டி.யை பாப்பரில் அடிப்பதே வாழ்க்கை லட்சியம் என்றால் நம் கரையில் அலையாமல் அங்கே போய்விடுங்கள். ஜிக்கும் இழுவையும் பிடித்தவர்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை இல்லை.

காசு பேசும்போது

எண்ணெய்ச் செலவு, ஆள் சம்பளம், அன்றைக்கு அவர்கள் தொழிலுக்குப் போகாததால் இழக்கிற பங்கு, இந்த மூன்றையும் சேர்த்ததுதான் நியாயமான வாடகை. எண்ணெயை மட்டும் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாமர்த்தியம் என்று நினைத்தால் அடுத்த முறை போன் எடுக்கமாட்டார்கள். பிடிக்கிற மீன் யாருக்கு என்பதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். சமையலுக்கு ஒன்றிரண்டு நமக்கு, மீதி படகுக்கு என்பது இரண்டு பக்கமும் ஒத்துவரும். நீங்கள் மீனைத் திருப்பி விடுகிறவர் என்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். சந்தையில் நல்ல விலை போகிற நெய்மீனை முத்தம் கொடுத்துக் கடலில் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் சாமியார் இல்லை. வேளா மீன் (ரம்பம் போன்ற மூக்கு உள்ளது), அம்மணி உழுவை (திமிங்கலச் சுறா), ஆமை போல வனவிலங்குச் சட்டத்தில் உள்ளவை மாட்டினால் பேச்சே இல்லை, படகில் ஏற்றாமல் நூலை வெட்டிவிட வேண்டும்.

உயிர்காப்பு அங்கியை நீங்களே கொண்டுபோங்கள். வள்ளத்தில் இருக்கும் என்று சொல்வார்கள், இருக்கும், ஆனால் உங்கள் அளவுக்கு இருக்காது. போனில் இரண்டு எண்ணைப் போட்டு வையுங்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், அதனால் வி.எச்.எஃப். கருவி (படகில் பேசுகிற ரேடியோ) உள்ள ஓட்டியாகப் பார்த்துப் பேசுங்கள். அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.