அடுப்படிக் கோட்டு: ரசாயனம் ஏற்றிய பருத்தியா, அராமிடா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலை ஆலையில் ட்ரையருக்குச் சூடு கொடுப்பது இன்னமும் விறகு அடுப்புதான். கற்பூர மரக் கட்டையைத் தள்ளக் கதவைத் திறக்கும்போது சில நேரம் தீ வெளியே சீறும். அங்கே நிற்பவர்களுக்குக் கோட்டு வாங்கும் வேலை என்னிடம் வந்தது. தீப்பிடிக்காமல் இருக்க ரசாயனம் ஏற்றிய பருத்தி, அராமிட் என்ற செயற்கை இழைத் துணி இரண்டையும் பார்த்துவிட்டு அராமிட் எடுத்தேன்.

விலை என்றால் பருத்திதான், அராமிட் பல மடங்கு. வெல்டிங் பொறிக்கும் பருத்தியே மேல், பட்டறைக்கு அதைத்தான் வாங்கினோம். சூட்டிலும் தீயிலும் காக்கும் உடைக்கான ஐஎஸ்ஓ 11612 தர முத்திரை இரண்டிலும் கிடைக்கிறது. சுடர் பட்டால் இரண்டுமே உருகாமல் கருகும்.

எனக்கு முடிவைச் சொன்னது துவையல். சும்மா பருத்தி எரிய 18 சதவீத ஆக்சிஜன் போதும், காற்றிலோ 21 சதவீதம் இருக்கிறது. பாஸ்பரஸ் ரசாயனம்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. குளோரின் ப்ளீச் பட்டால் அந்தக் காவல் குறையும். வாசனைக்கு ஊற்றும் திரவம் துணியில் தங்கினால் அதுவே தீப்பிடிக்கும். அதற்காகத் துவைக்காமல் விடவும் முடியாது, மேலே படிந்த தேயிலைப் பஞ்சும் எண்ணெயும் எரியுமே! எங்கள் ஆட்கள் கோட்டை வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். கரிக்கறை போக அங்கே என்ன போட்டு ஊறவைக்கிறார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது? ரசாயனம் போன கோட்டும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

அராமிடில் அந்தக் குணம் இழையிலேயே இருக்கிறது. 1960களில் நோமெக்ஸ் என்ற பெயரில் வந்தது இந்த வகைதான். எரிய ஏறக்குறைய 28 சதவீத ஆக்சிஜன் கேட்கும். ப்ளீச் இதையும் நைந்துபோகச் செய்யும், ஆனால் தீயைத் தாங்கும் குணம் துவையலில் போகாது. அப்புறம் எடையும் குறைவு. ஐப்பசி மழையில் கனத்த பருத்திக் கோட்டு காய்வதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அராமிட் வலுவிழக்கும், நிழலில்தான் உலர்த்த வேண்டும். எத்தனை வருஷம் உழைக்கும் என்று இப்போது சொல்ல மாட்டேன், நாங்கள் பார்த்தது ஒரு மழைக்காலம்தான்.

எதை வாங்கினாலும் உள்ளே என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். விடியற்காலைக் குளிருக்கு இங்கே எல்லோரும் அக்ரிலிக் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அதன் மேல்தான் கோட்டைப் போடுகிறார்கள். சூடு உள்ளே இறங்கினால் அது உருகித் தோலில் ஒட்டும். அசல் கம்பளி ஸ்வெட்டருக்கு முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். கோட்டு பில்லைப் பார்த்த கையோடு கேட்டதால் இன்னும் பதில் இல்லை.