படிவமா, கேள்வியா?

வார்டில் தாதியர் வேலையை இரண்டு விதமாகச் செய்யலாம். படிவத்தில் உள்ளதை வரிசையாகச் செய்து முடிப்பது ஒன்று. செய்துகொண்டே "இது ஏன் இப்படி?" என்று கேட்பது மற்றது.

வயலும் காடும் ஒட்டிக் கிடக்கும் வன்னியில் பாம்புக்கடி புதிதில்லை. கண்ணாடி விரியன் என்றால் படிவம் நன்றாகவே உதவும்: சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைப்பு, உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. பழகினால் யாரும் செய்யலாம்.

கட்டு விரியன் அப்படியில்லை. பெரும்பாலும் இரவில், தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். நோவோ வீக்கமோ பெரிதாக இராது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியப்புறம் வந்து, "ஒண்டும் கடிக்கேல்லை மிஸி, வயித்துக்கைதான் நோகுது" என்பார். இரத்தமும் ஒழுங்காக உறையும். படிவத்தை மட்டும் பார்ப்பவர் வயிற்றுவலி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். மற்றவர், "ஐயா, இரவு எங்க படுத்தனீங்கள்?" என்று கேட்பார். இந்த விஷம் தசைகளைச் சோரவைக்கும் என்பதால், கண்ணிமை சரிகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார். மூச்சுத் தசைகள் சோர்வதற்கு முன் டொக்டரைக் கூப்பிட இவ்வளவும் போதும்.

சரி, படிவம் வேண்டாமா? தொடர்ந்து மூன்றாவது இரவு முழித்தவருக்கு அதுதான் துணை. என் தெரிவு கேள்வி கேட்பவர்தான். ஆனால் அந்த இமையை அடிக்கடி பார்த்துக் குறித்துவைக்க அவருக்கும் ஒரு தாள் வேண்டும்.