செயற்கைப் பின்னல் முடியில் நிறம் கலத்தல்: ஒரு நீண்டகால அனுபவம்

பாரிஸில் லாச்சப்பல் தமிழ்க் கடைகளைத் தாண்டித் தெற்கே சற்றுத் தூரம் நடந்தால், சாத்தோ டோ மெட்ரோ நிலையத்தைச் சூழ்ந்துள்ள ஆப்பிரிக்கச் சிகையலங்காரக் கடைகள் வந்துவிடும். அவற்றுள் ஒன்றில், வாடிக்கையாளரின் சொந்த முடியோடு செயற்கை முடியைச் சேர்த்துப் பின்னும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எங்களிடம் வருவோரில் பெரும்பாலானோர் ஐவரி கோஸ்ட், கொங்கோ, மாலி, மார்த்தினிக் முதலிய இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட பெண்கள். இந்தக் கலை அவர்களுடையது; எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்களில் ஒருவரே.

நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஜப்பானின் கனேகா நிறுவனம் 1957 முதல் தயாரித்து வரும் கனேகலோன் என்னும் மோடாக்ரிலிக் வகைச் செயற்கை இழையால் ஆன முடி. இழையை உருவாக்கும்போதே நிறமும் சேர்க்கப்படுவதால், தலைமுடிச் சாயம் இதில் பிடிக்காது. பிளீச் போட்டாலும் வெளுக்காது. ஆகவே கட்டுகளில் கிடைக்காத நிறம் வேண்டுமென்றால், வெவ்வேறு நிற இழைகளைக் கலப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டுகளில் நிறத்தைக் குறிக்கும் எண்களைப் பழகிக்கொள்வது எளிது. 1 என்பது அடர் கறுப்பு, 1பி இயற்கைக் கறுப்பு, 4 அடர் பழுப்பு, 27 தேன் நிறம், 30 வெளிர் செம்பழுப்பு, 33 அடர் செம்பழுப்பு, 613 மிக வெளிர் பொன்நிறம். கடினமானது விகிதம். இழைகள் வண்ணக்குழம்பைப் போல ஒன்றில் ஒன்று கரைவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அவற்றைச் சேர்த்து ஒரே நிறமாகக் காண்பது சற்றுத் தள்ளி நிற்பவரின் கண். வெளிர் இழை தன் அளவைவிட அதிகமாகத் தெரியும். 1பியோடு 27ஐச் சரிபாதி சேர்த்தால் பழுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவருக்குக் கிடைப்பது கறுப்பும் தேனும் வரிவரியாக ஓடும் பின்னல்தான். இடையில் 30ஐயோ 33ஐயோ பாலமாகச் சேர்த்தால்தான் அந்த வரிகள் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்த கலவை, 1பி மூன்று பங்கு, 33 இரண்டு பங்கு, 30 ஒரு பங்கு. நிழலில் கறுப்பாகவே தோன்றும் அந்தப் பின்னல், வெயிலில் செம்மை காட்டும்.

முழுத் தலைக்கும் வேண்டிய முடியை முதலிலேயே தராசில் நிறுத்துக் கலந்துவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பின்னப் பின்னக் கையளவில் கலந்தால், காதோரத்துப் பின்னலும் பிடரிப் பின்னலும் வெவ்வேறு நிறமாகிவிடும். சிறிய அளவென்றால் இரண்டு நிறங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரு கைகளாலும் இழுத்துப் பிரித்து, மறுபடி அடுக்கி, மறுபடி இழுப்பேன். பெரிய அளவுக்கு எஃகு முட்கள் நட்ட பலகையே சிறந்தது: முட்களில் முடியை அறைந்து இழுக்கும்போது இழைகள் தாமாகவே கலந்து, நுனிகளும் ஏறியிறங்கி அமைகின்றன. முழுவதும் ஒரே சீராகும்வரை இழுப்பது எனக்கு உடன்பாடில்லை. சற்று முன்னதாக நிறுத்தினால்தான் இயற்கை முடிக்குள்ள ஏற்றத்தாழ்வு மிஞ்சும். முடியை விற்கும் நிறுவனம் மாறினால் இழையின் பளபளப்பும் மாறுவதால், ஒரு கலவைக்கு ஒரே நிறுவனத்தின் முடியையே எடுக்கிறேன். ஒரே எண்ணுள்ள கட்டுகள்கூட, வெவ்வேறு தொகுதியில் வந்தவையானால் நிறம் வேறுபடுகின்றன. கடை விளக்கொளியை நம்பாமல், ஒரு கற்றையைப் பின்னிச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.

கலவையை எங்கே வைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். சொந்த முடியில் தொடங்கி, செயற்கை முடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகும் முடிச்சில்லாப் பின்னலில், வேரருகே சேர்க்கும் முதல் கற்றைகளை வாடிக்கையாளரின் சொந்த நிறத்திலேயே விட்டு, அதற்குக் கீழேதான் கலவையை நுழைக்கிறேன். நரை தொடங்கியவர்களுக்கு இந்த வேலை இன்னும் நுட்பமானது. நெற்றிப்பொட்டுகளில் வெள்ளி இழையைக் கூட்டி, உச்சியில் குறைத்து, பிடரியில் வெறும் 1பியாக முடித்தால், அவர்களுடைய நரை எங்கே முடிகிறது, நாம் சேர்த்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். நரையை மறைக்காமல் பின்னிக்கொள்ள விரும்பும் மூத்த பெண்களுக்கு இதைச் செய்துகொடுப்பதே இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

பின்னி முடித்து, நுனிகளைக் கொதிநீரில் தோய்த்தெடுத்த பிறகு பளபளப்பு சற்று மங்குவதால், நிறங்கள் இன்னும் நெருங்கித் தெரியும். மிஞ்சிய கலவையில் ஒரு சிறு கற்றையைக் கட்டி, விகிதத்தை எழுதி ஒட்டி வைக்கிறேன்; அதே நிறம் வேண்டுமென்று அவர்கள் திரும்பி வரும்போது, புதிய கட்டுகளை அந்தக் கற்றையோடு ஒப்பிட்டே மறுபடி கலக்கிறேன்.