பழைய சியர்ஸ் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? முதல் மூன்று எண்ணைப் பாருங்கள்

மிச்சிகனில் நவம்பர் 15 பிறந்தால் பாதி ஊர் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடும். எனக்கு மானெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோடு முயல் வேட்டைக்குப் போக ஒரு பழைய பம்ப் ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) இருந்தால் போதும் என்று அக்டோபரில் ஒரு கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்குப் போனேன். 425 டாலர் கொடுத்து ஏமாந்து வந்தேன்.

மேஜையில் கிடந்தது ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20, 12 கேஜ் (குழலின் உள்ளளவு). குழல் கருநீலமாகப் பளபளத்தது. விற்பவர் மூன்று விஷயம் சொன்னார். உள்ளே முழுக்கப் பேர்போன வின்செஸ்டர் கம்பெனி செய்ததாம். சீரியல் நம்பரே கிடையாதாம், அவ்வளவு அபூர்வமாம். ஹிக்கின்ஸ் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆனதால் இனிமேல் கிடைக்கவே கிடைக்காதாம்.

ஹிக்கின்ஸ் என்று துப்பாக்கி செய்த கம்பெனியே இருந்ததில்லை. காஸ்ட்கோ இன்று யாரோ செய்ததைக் கிர்க்லாண்ட் என்ற பெயரில் விற்கிறதே, அதே கதைதான். சியர்ஸ் கடை தன் விளையாட்டுச் சாமான்களுக்கு வைத்த பெயர் அது. 1960களின் தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரைப் போட ஆரம்பித்தார்கள். மாண்ட்கோமரி வார்டு கடையில் வெஸ்டர்ன் ஃபீல்ட், வெஸ்டர்ன் ஆட்டோவில் ரெவலேஷன். செய்து கொடுத்தவர்கள் மாஸ்பெர்க், மார்லின், ஹை ஸ்டாண்டர்ட் போன்ற துப்பாக்கிக் கம்பெனிகள்.

சியர்ஸ் துப்பாக்கியில் செய்தவர் யார் என்பது குழலிலேயே இருக்கிறது. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட், 273 வின்செஸ்டர், 103 மார்லின். என் துப்பாக்கியில் 583 என்று இருந்தது. வாங்கும்போதே பார்த்தேன். பார்த்து என்ன, அர்த்தம் தெரியவில்லையே!

சீரியல் நம்பர் கதையும் அப்படித்தான். 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்னால் இந்த மாதிரி நீளத் துப்பாக்கிகளுக்கு அது கட்டாயம் இல்லை. விலை குறைந்தவை பலவற்றில் நம்பரே போடவில்லை. அபூர்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் இருந்த நம்பரை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தால் அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள், வைத்திருப்பதே குற்றம்.

துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் படிவம் 4473, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அந்தச் சோதனை என்னைப் பற்றியது, துப்பாக்கியைப் பற்றியது இல்லை. (எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. சரியாக விசாரிக்காமல் இறங்காதீர்கள்.)

அப்புறம் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். கிழவர் முதலில் திருகுகளைத்தான் பார்த்தார். தலையிலுள்ள பள்ளங்கள் சிதைந்திருந்தன. யாரோ பொருந்தாத திருப்புளியால் கழற்றியிருக்கிறார்கள். அடுத்து குழலின் எழுத்துகள் மேல் நகத்தை ஓட்டினார். விளிம்பு கூராக இருக்க வேண்டும், இதில் மழுங்கிக் கிடந்தது. பாலிஷ் சக்கரத்தில் தேய்த்து, புட்டியில் விற்கும் நீலப்பூச்சைத் தடவியிருக்கிறார்கள். எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தார், செம்பழுப்பாக வந்தது. விளக்கடித்தபோது தோட்டா உட்காரும் அறையில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். அப்படி இருந்தால் சுட்ட தோட்டா உறை உள்ளேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

பூச்சு மங்கிப்போய் அப்படியே கிடந்த துப்பாக்கிக்கே இதைவிட நல்ல விலை கிடைக்கும் என்றார். பொதுவாக, செய்த கம்பெனியின் பெயரோடு இருப்பதைவிடக் கடைப் பெயரில் இருப்பது மலிவாகத்தான் போகும். விதிவிலக்கு உண்டு. அதே ஹிக்கின்ஸ் பெயரில் வந்த மாடல் 50 ரைஃபிளில் பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி செய்த மவுசர் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதி) இருக்கிறது, அதைத் தேடி வாங்குகிறார்கள். என்னுடையதற்கு 150 கொடுத்திருந்தாலே அதிகம் என்றார்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. விற்பவர் இலவசமாக ஒரு பெட்டி தோட்டா கொடுத்திருந்தார், 3 அங்குலம். என் குழலோ 2¾ அங்குலத் தோட்டாவுக்கானது. அந்த எழுத்தும் பாலிஷில் பாதி அழிந்திருந்தது. தோட்டாவின் நீளத்தைச் சுட்டு விரிந்த பிறகுதான் அளக்கிறார்கள், அதனால் சுடாத 3 அங்குலத் தோட்டா குட்டை அறையிலும் சிக்காமல் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது தோட்டா உறையின் மடிந்த வாய் முழுசாக விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் எகிறும். கிழவர் அந்தப் பெட்டியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். 'இருக்கிற நிலையில் விற்கப்பட்டது' என்று ரசீதில் இருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டார். இருந்தது.

உங்கள் வீட்டில் ஏற்கனவே இப்படி ஒன்று இருந்தால் பளபளப்பாக்கப் போகாதீர்கள். தோலுறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகியிருந்தால் அதைக் கரைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகத் தடவுங்கள். உதிரி பாகத்துக்குக் கடைப் பெயரைச் சொல்லித் தேடினால் அலைச்சல்தான். செய்தவர் யார், அவர்களிடம் அது எந்த மாடல் என்று முதலில் கண்டுபிடியுங்கள். துப்பாக்கி உதிரி பாகங்கள் விற்கும் நியூம்ரிச் கம்பெனி வெளியிடும் ஒப்பீட்டுப் பட்டியலில் இந்தப் பெயர்களுக்கெல்லாம் விடை இருக்கிறது.

அந்தத் தோட்டாப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவருடையது 3 அங்குலம் ஏற்கும் புதுத் துப்பாக்கி. அந்த வருஷம் முயல் வேட்டைக்கு நானும் போனேன், வெறுங்கையோடு அவர் பின்னால்.