அம்மாவின் முறுக்கு நம்பரும் புது ஃபைபரும்

எங்கள் வீட்டு நம்பரை அம்மாவிடம் கேட்டால் ஏழு இலக்கம்தான் சொல்வார். 2002 மார்ச்சில் சிங்கப்பூரின் எல்லா வீட்டுத் தொலைபேசி எண்களுக்கும் முன்னால் ஒரு 6 போட்டார்கள். அம்மா அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. “ஆறு எல்லாருக்கும்தானே இருக்கு, அதை எதுக்குத் தனியா சொல்லணும்” என்பது அவர் கட்சி. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

1986இல் அங் மோ கியோ வீட்டுக்கு வந்த நம்பர் அது. அதோடு ஒரு வியாபாரமும் ஒட்டிக்கொண்டது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடிக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். விளம்பரம் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. அந்த ஒரு நம்பர், பக்கத்தில் 555 என்று பெயர் போட்ட ஒரு சின்னக் கணக்கு நோட்டு, அதில் அம்மாவின் கோழிக்கிறுக்கல், அவ்வளவுதான். ஈசூன், பிடோக், மலேசியாவின் ஈப்போ வரை ஆட்கள் அந்த நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதனால் போன செப்டம்பரில் பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றலாம் என்று நான் முடிவெடுத்தபோது, இணைய வேகத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தம்பி மட்டும், “வீட்டு போனை வெட்டி விடுங்கக்கா, இந்தக் காலத்துல யாரு வச்சிருக்கா” என்றான். அம்மா அவனுக்கு அந்த வாரம் முறுக்கு கொடுக்கவில்லை.

மாற வேண்டிய காரணம் எளிது. ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய 1 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கும் வீட்டு போனுக்கும் சேர்த்து மாதம் 52 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தோம். புதிய இடத்தில் அதைவிட வேகமான திட்டமும் போனும் சேர்ந்து 39 வெள்ளி. பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அப்பா இருந்தபோதே ஒரு முறை நிறுவனம் மாறியாயிற்று, அதனால் பழையது எது என்று யாரும் ஊகிக்கவும் வேண்டாம். நான் எழுத வந்தது, நிறுவனம் மாறும்போது பழைய நம்பரையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும் அந்தச் சேவையைப் பற்றித்தான்.

ஃபைபர் பக்கம் ஒரு குறையும் இல்லை. இங்கே வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை இணையம் விற்கும் கடைக்காரருடையது இல்லை, நெட்லிங்க் என்ற தனி நிறுவனத்துடையது. அந்த ஒரே வலையமைப்பில்தான் எல்லா நிறுவனங்களும் ஓடுகின்றன. அதனால் மாறும்போது சுவரை உடைப்பது, குழாய் அடிப்பது எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் வாசல் கதவுக்கு மேலே இருக்கும் வெள்ளைப் பெட்டியில் இரண்டு துளைகள். ஒன்றில் பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்க, மற்றொன்றில் புதியதைச் சொருகிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு இணையமும் பக்கத்துப் பக்கத்தில் சில நாள் ஓடின. இந்த இரண்டாவது துளையின் அருமை அப்புறம்தான் புரிந்தது.

ஏனென்றால் நம்பர் இழையோடு தானாக வராது. புதிய நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் “வீட்டுத் தொலைபேசி இலவசம்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இலவசம்தான், ஆனால் அவர்கள் தருவது புது நம்பர். இருக்கும் நம்பரை வைத்துக்கொள்ள மாதம் 5 வெள்ளி. அதுவும் நாமாகக் கேட்டால்தான். படிவத்தில் “புது எண்” என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தார்கள். அடுத்த கட்டம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில். அன்று மூக்குக் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் முடிந்தது கதை.

என் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு தோழி சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது. அவள் வீட்டில் நல்ல பிள்ளையாக முதலில் பழைய இணைப்பை ரத்து செய்திருக்கிறார்கள், அப்புறம் புதிய இடத்தில் போய் எங்கள் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நம்பர் உயிரோடு இருந்தால்தான் நகர்த்த முடியும். ரத்து செய்துவிட்டால் அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது. பழைய இடத்தில் வாயே திறக்காமல் முதலில் புதிய இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம்பர் நகர்ந்தது உறுதியான பிறகுதான் மிச்சத்தை ரத்து செய்யப் பேச வேண்டும். நான் அப்படியே செய்தேன். அப்படியும் நான்காம் நாள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

காரணம்: சந்தாதாரர் பெயர் பொருந்தவில்லை.

பில் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா 2016இல் போனார். அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்த பில்லைக் கட்டியிருப்போம், யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. அம்மாவுக்கு அந்தப் பெயர் மாதா மாதம் வீட்டுக்கு வருவதில் ஒரு ஆறுதல்கூட இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை. ஆனால் நம்பரை நகர்த்த, பழைய நிறுவனத்தில் இருக்கும் பெயரும் புதிய விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இது நியாயமான விதிதான். இல்லாவிட்டால் யார் நம்பரையும் யாரும் தூக்கிக்கொண்டு போகலாம்.

விதி நியாயம், அதைக் கையாண்ட விதம்தான் கொடுமை. பழைய நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பையன், கணக்கு வைத்திருப்பவரை லைனில் கொடுங்கள் என்றான். இறந்துவிட்டார் என்றேன். “புரிகிறது மேடம். அவருடைய அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகளை அவரே சொல்ல வேண்டும்” என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அவன் முன்னால் இருக்கும் திரையில் அதற்கு மேல் ஒரு வரி இல்லை போலிருக்கிறது. மறுநாள் அரை நாள் லீவு போட்டு இறப்புச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, அம்மா மூவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். கவுன்டரில் இருந்த பெண் தங்கமானவள், பத்து நிமிடத்தில் பெயரை அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். தொலைபேசியில் அந்தப் பையன் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

இதை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். உங்கள் வீட்டு போன் பில்லை எடுத்து, யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். தாத்தா, பாட்டி, கல்யாணமாகிப் போன அக்கா, வீட்டை விற்ற மாமா என்று பாதி வீடுகளில் வேறு யாரோ இருப்பார்கள். நிறுவனம் மாறும் எண்ணம் வருவதற்கு முன்பே அதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது விண்ணப்பம் போட்டதிலிருந்து ஒன்பது வேலை நாள். நம்பர் மாறும் நாள் காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆனால் எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. அன்று மதியம் இரண்டு மணி போல அம்மா சமையலறையிலிருந்து, “டயல் டோன் போச்சு” என்று கத்தினார். பழைய லைன் செத்துவிட்டது. புதிய பெட்டியின் பின்பக்கம் சொருகிய போன் இன்னும் உயிர் பெறவில்லை. நான் கைத்தொலைபேசியிலிருந்து அழைத்தால் என் காதில் மட்டும் மணி அடித்தது, தம்பி அவன் வீட்டிலிருந்து அழைத்தால் இப்படி ஒரு எண் இல்லை என்ற அறிவிப்பு. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் நம்பர் இடம் மாறிய செய்தி வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது போலிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு எல்லாம் சரியானது. நான்கு மணி நேரம்தான், ஆனால் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நான்கு மணி நேரம் என்றால் எத்தனை டப்பா முறுக்கு என்று அம்மா கணக்குப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. போன் மணி அடிக்கிறது, எடுத்தால் பேச முடிகிறது, டயல் டோனும் கேட்கிறது. ஆனால் எண்களை அமுக்கினால் எங்கேயும் போகவில்லை. இரண்டு முறை வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பெட்டியை அணைத்துப் போட்டு, ஒன்றும் நடக்காமல், கடைசியில் ஒரு தொழில்நுட்பர் வந்தார். முப்பது வயது இருக்கும், மலாய்க்காரர். அம்மா அவரிடம் தன் சந்தை மலாயில், “டியா போலே ரிங், தாப்பி தக் போலே தெக்கான்” என்று நிலைமையை விளக்கினார். அடிக்குது, ஆனால் அமுக்க முடியலை. நான் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் சொல்லிப் புரிய வைக்க முடியாதது அதிலே முடிந்தது. அவர் பெட்டியைத் தொடவே இல்லை. நேரே போனைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். எங்கள் போன் தொண்ணூறுகளில் வாங்கிய, மாவு படிந்து படிந்து பொத்தான்கள் மங்கிப்போன பழுப்பு நிறப் போன். அதன் அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு சின்ன விசை. ஒரு பக்கம் பி, மறு பக்கம் டி. அது பி பக்கம் இருந்தது.

விவரம் இதுதான். பழைய போன்களில் 7 என்று அமுக்கினால் லைனை ஏழு முறை துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும், அது பல்ஸ். புதியவை ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும், அது டோன். பழைய இடத்தில் இரண்டுமே செல்லுபடியாகியிருந்தது. ஃபைபர் பெட்டியோடு வந்த குரல் சேவைக்கு டோன் மட்டும்தான் புரிந்தது. அவர் பேனா முனையால் விசையைத் தள்ளினார். “மக்சிக், சுடா போலே.” ஆன்ட்டி, இப்போ முடியும் என்கிறார். அம்மா பொத்தானை அமுக்கினார், டிங் டிங் என்று சத்தம் வந்தது. அவருக்கு ஒரு சிவப்பு மூடி டப்பா நிறைய ஓமப்பொடி கிடைத்தது. மொத்த அனுபவத்திலும் முழு மதிப்பெண் கொடுக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வீட்டு போன் மின்சாரத்தில் ஓடுகிறது. பழைய செம்புக் கம்பி போனுக்கு தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்துவிடும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். இப்போது ஃபைபர் பெட்டி அணைந்தால் போனும் அணைந்துவிடும். அம்மா எண்பதைத் தாண்டியவர், பகலில் தனியாக இருப்பவர். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் கரண்ட் போயிருந்தால் என்ன செய்வது என்று புதிய நிறுவனத்தில் கேட்டேன். “கைத்தொலைபேசி பயன்படுத்தலாம்” என்றார்கள். அம்மாவின் கைத்தொலைபேசி எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரியாது. பழைய இடத்தில் இருந்த ஃபைபரும் இதே கதைதான் என்பது உண்மை. ஆனால் விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லலாம். மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் சதுக்கத்தில் ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி விசாரித்து வைத்திருக்கிறேன்.

அழைப்பவர் எண் தெரியும் வசதி பழைய இடத்தில் சேர்ந்தே இருந்தது. புதிய இடத்தில் அது தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று, கட்டணம் இல்லை, ஆனால் கேட்டால்தான். நம்பர் வந்து சேர்ந்த அன்று மாலை முதல் அழைப்பு யாருடையது என்று அது இல்லாததால் தெரியாமல் அம்மா எடுத்துவிட்டார். பதிவு செய்த சீனக் குரல், ஏதோ பார்சல் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறதாம். மோசடிக்காரர்களுக்கும் எங்கள் நம்பர் மனப்பாடம். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, “இந்த வருஷம் கடலைமாவு விலை ஏறிப்போச்சு, டப்பாவுக்கு ஒரு வெள்ளி கூட” என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்தார்.

மதிப்பெண் கேட்டால்: புதிய நிறுவனத்துக்கு ஐந்தில் மூன்றரை. அந்த முன்கூட்டியே அடித்த டிக்குக்காக ஒன்று, நேரம் சொல்லாததற்காக அரை குறைத்தேன். பழைய நிறுவனத்தின் கவுன்டர் பெண்ணுக்கு ஐந்து, தொலைபேசிச் சேவைக்கு ஒன்று. நம்பருக்கான 5 வெள்ளி போக மாதம் 8 வெள்ளி மிச்சம். இரண்டு மாதம் கழித்து பழைய நிறுவனத்திலிருந்து கடைசி பில் வந்தது, அம்மா பெயரில், நாங்கள் கூடுதலாகக் கட்டிய 4 வெள்ளி 10 காசைத் திருப்பித் தருவதாக. அம்மா அதை 555 நோட்டில் வரவுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், ஈப்போ அத்தையின் இருபது அச்சு முறுக்குக்குக் கீழே.